சமூகப்பணிக்கு எந்தப் பட்டம்? ஒரு பழைய கேள்வியின் இன்றைய நிலை

மருத்துவராக வேண்டும் என்று ஒரு பிளஸ் டூ மாணவி சொன்னால் அவர் என்ன படிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது. சமூகப்பணியாளராக வேண்டும் என்றால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. நேராக பி.எஸ்.டபிள்யூ. என்னும் இளநிலைச் சமூகப்பணிப் பட்டத்தில் சேரச் சொல்கிறது ஒரு தரப்பு. உளவியலோ சமூகவியலோ படித்துவிட்டு வரச் சொல்கிறது இன்னொன்று. பி.காம். ஆனாலும் சரி, கணிதம் ஆனாலும் சரி, முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ.வில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது மூன்றாவது. ஊருக்கு உழைக்கப் பட்டம் எதற்கு என்று கேட்கும் நான்காவது குரலும் இன்னும் ஓயவில்லை.

இந்த விடைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நாடு, ஒரு காலகட்டம், ஒரு நிறுவனத்தின் தேவை இருக்கின்றன. அந்தப் பின்னணி தெரியாமல் விடையை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம் நீடிக்கிறது. இன்றைய சட்டங்களும் வேலை அறிவிப்புகளும் கேட்கும் தகுதியோடு ஒப்பிட்டால் நான்கு விடைகளிலும் பாதியளவேனும் உண்மை இருப்பது தெரியும். மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் தொடங்கிய வழக்கு

சமூகப்பணிக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. 1898இல் நியூயார்க்கில் அறப்பணியாளர்களுக்கான கோடைக்கால வகுப்பு நடந்தது. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1908இல் பெர்லினில் ஆலிஸ் சாலமோன் பெண்களுக்கான பள்ளியை நிறுவினார். இவை எதுவும் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏழைகளின் வீடுகளுக்குச் செல்பவருக்கு அங்கே என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதே நோக்கம்.

பட்டம் பற்றிய பதற்றத்தைக் கிளப்பியவர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர். 1910இல் வெளியான அவரது அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்வியையே புரட்டிப்போட்டிருந்தது. 1915இல் பால்டிமோரில் கூடிய அறப்பணி மாநாட்டில் அவர் பேசியபோது, சமூகப்பணியை முழுமையான தொழில்முறைத் துறையாக ஏற்க முடியாது என்றார். பிற துறையினருக்கு இடையே பாலமாக நிற்பதே அதன் வேலை, தனக்கே உரிய வரையறுத்த எல்லை அதற்கு இல்லை என்பது அவர் வாதம். இரண்டே ஆண்டுகளில் மேரி ரிச்மண்டின் ‘சோஷியல் டயக்னோசிஸ்’ நூல் வந்தது. தனிநபர் சமூகப்பணிக்கு ஒரு முறையியல் உண்டு என்று அது காட்டியது. ஆனாலும் ஃபிளெக்ஸ்னர் ஏற்படுத்திய காயம் ஆறவில்லை. மருத்துவத்தைப்போல மதிக்கப்பட வேண்டுமானால் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பள்ளிகளிடையே வலுத்தது. 1930களின் இறுதிக்குள் அமெரிக்கப் பள்ளிகளின் சங்கம் முதுநிலைப் படிப்பை மட்டுமே அங்கீகரிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இதனால் பாதிக்கப்பட்டவை கிராமப்புற மாநிலங்கள். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அங்கெல்லாம் அரசு நல அலுவலகங்கள் பெருகின. பெருநகரங்களில் இருந்த முதுநிலைப் பள்ளிகளால் அத்தனை இடங்களுக்கும் ஆள் அனுப்ப முடியவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1942இல் தனிச் சங்கம் அமைத்து, இளநிலையிலேயே சமூகப்பணி கற்பிக்கலாம் என்று வாதிட்டன. 1952இல் இரு தரப்பும் ஒரே அவையின்கீழ் வந்தபோதும் பி.எஸ்.டபிள்யூ.வுக்கு முழு அங்கீகாரத் தரநிலை வர 1974 ஆயிற்று. கல்வித் தத்துவம் பற்றிய விவாதமாக நடந்த இந்தச் சண்டைக்குள், யாருக்கு ஆள் தேவை, யாருக்குக் கௌரவம் தேவை என்ற கணக்கும் இருந்தது.

பம்பாய் வகுத்த வழி

இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அந்தச் சண்டையின் ஒரு தரப்பு மட்டுமே. பம்பாயின் நாக்பாடா பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மதப்பணியாளர் கிளிஃபர்ட் மன்ஷார்ட், டாடா அறக்கட்டளையின் ஆதரவோடு 1936இல் தொடங்கிய பள்ளியின் பெயரிலேயே அது பட்டதாரிகளுக்கானது என்ற குறிப்பு இருந்தது: சர் தொராப்ஜி டாடா கிராஜுவேட் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். பின்னாளில் டிஸ் என்று அறியப்பட்ட நிறுவனம் இதுதான். தில்லியிலும் முதுநிலைப் படிப்பாகவே சமூகப்பணி வேரூன்றியது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கும் பட்டதாரிகளை நோக்கியே கதவைத் திறந்தது. கில்டு ஆஃப் சர்வீஸ் வழியாகவும் இரண்டாம் உலகப்போர்க் காலச் சேவையின் வழியாகவும் அனுபவம் பெற்றவர் மேரி. சமூகப்பணிப் பள்ளி எதிலும் படித்தவர் அல்லர்.

எந்தப் பட்டமானாலும் போதும் என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. பட்டதாரிகளே குறைவாக இருந்த காலத்தில், வந்தவரை பாடம் பார்த்துத் திருப்பி அனுப்பும் வசதி எந்தப் பள்ளிக்கும் இருந்திருக்காது. துன்பத்தில் இருப்பவரோடு பழகப் பதினெட்டு வயது போதாது, இருபத்தொன்றாவது ஆகட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

இன்றும் தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கை பெரும்பாலும் இந்த விதிப்படிதான் நடக்கிறது. வகுப்பில் பி.காம்., பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம் எல்லாம் கலந்து உட்கார்ந்திருக்கும். இதில் நன்மை உண்டு. பதினேழு வயதில் எடுக்காத முடிவை இருபத்தொரு வயதில் எடுக்க இது இடம் தருகிறது. வேளாண்மை படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஒரே கிராம முகாமுக்குப் போனால் பார்வைகள் விரிகின்றன.

பலவீனம் நேரத்தில் இருக்கிறது. நான்கு பருவங்களுக்குள் சமூகம் என்றால் என்ன, மனித வளர்ச்சி, தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம், ஆய்வுமுறை, சமூகச் சட்டங்கள், சிறப்புப் பாடம் எல்லாம் முடிய வேண்டும். இவற்றோடு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. கணிதம் படித்து வந்த மாணவர் சேர்ந்த சில வாரங்களிலேயே ஒரு மனநல மருத்துவமனையிலோ குழந்தைகள் இல்லத்திலோ நின்றுகொண்டிருப்பார். பார்த்ததை அன்றிரவே களப்பணி அறிக்கையாக எழுதி, மறு வாரம் மேற்பார்வை ஆசிரியர் முன் தனியே உட்கார்ந்து விளக்க வேண்டும். அந்தத் தனிச் சந்திப்பு ஒழுங்காக நடக்கும் துறைகளில் எந்தப் பட்டத்தில் வந்தவரும் தேறிவிடுகிறார். நடக்காத இடங்களில் அறிக்கை முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதப்படுகிறது. அப்படி எழுதப்பட்டால் இளநிலையில் என்ன படித்திருந்தாலும் பயனில்லை.

உளவியல், சமூகவியல், பிற அடித்தளங்கள்

இரண்டாவது விடையின்படி சமூகப்பணி ஒரு பயன்பாட்டுத் துறை. அதற்கு அறிவியல் அடித்தளம் தேவை. எந்த அறிவியல் என்பதில் காலத்துக்குக் காலம் ஃபேஷன் மாறியது. அமெரிக்காவில் ஃபிராய்டின் செல்வாக்கு ஓங்கியிருந்தபோது உளவியல் முன்னுக்கு வந்தது. சாதி, நிலம், ஊரக அமைப்பு பற்றிய ஆய்வுகள் வலுத்த இந்தியச் சூழலில் சமூகவியல் இயல்பான தேர்வாகத் தோன்றியது.

பாடத்தின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தால் சமூகவியலுக்கே என் வாக்கு. ஒரு குடும்பத்தின் கடனை அந்தக் குடும்பத் தலைவரின் குணக்கோளாறாகப் பார்ப்பதா, அந்தத் தெருவின் வேலைவாய்ப்போடு சேர்த்துப் பார்ப்பதா என்பது களப்பணியில் முதல் நாளே எழும் கேள்வி. சமூகவியல் படித்தவர் அதை எளிதில் தவறவிடுவதில்லை. உளவியல் மாணவரோ எதிரில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கும் நுட்பத்தில் முந்தி நிற்பார்.

ஆனால் தேர்வு செய்பவருக்கு உள்ளடக்கத்தைவிட முக்கியமான இன்னொரு கணக்கு உண்டு: எந்தக் கதவு பின்னால் மூடிக்கொள்ளும்? இளநிலையில் உளவியல் படித்தவருக்கு எம்.எஸ்.டபிள்யூ. திறந்திருக்கிறது. பி.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கு எம்.எஸ்சி. உளவியல் பல பல்கலைக்கழகங்களில் திறப்பதில்லை. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு தேவை. அந்தப் பாதை உளவியல் முதுநிலை வழியாகவே செல்கிறது. ஆகவே ஆலோசனைப் பணிக்கும் சமூகப்பணிக்கும் இடையே தயங்கும் மாணவிக்கு உளவியல் இரண்டு வழியையும் விட்டுவைக்கிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உளவியல் உள்ளிட்ட சில பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் நிறுத்திவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் உளவியல் முடிப்பது என்ற பழைய திட்டம் இனி நடக்காது.

பிற பட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொருளியல் படித்தவர் ஊரக வாழ்வாதாரத் திட்டங்களிலும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் பிரிவுகளிலும் மதிக்கப்படுகிறார். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களைச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொன்னதிலிருந்து கணக்கு தெரிந்த சமூகப்பணியாளருக்குத் தேவை கூடியிருக்கிறது. தமிழ், ஆங்கிலம், வரலாறு படித்தவருக்கு பி.எட். என்ற மாற்று வழி கையில் இருக்கும். சமூகப்பணி பள்ளிப் பாடமாக இல்லாததால் பி.எஸ்.டபிள்யூ.காரருக்கு அது எளிதில் அமைவதில்லை. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல், உளவியல், பொருளியல், மானிடவியல் உண்டு, சமூகப்பணி இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் இவையெல்லாம் சில்லறைக் கணக்குகள் அல்ல.

பி.எஸ்.டபிள்யூ.: நேர்வழியில் ஒரு முட்டுச்சந்து

ஆர்வமுள்ளவரைப் பதினேழு வயதிலேயே களத்துக்கு அனுப்பும் பி.எஸ்.டபிள்யூ. மேலோட்டமாகப் பார்க்கும்போது மிக நேர்மையான விடையாகத் தெரிகிறது. மூன்றாண்டுக் களப்பணி என்பது எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் படித்தவருக்குக் கிடைக்காத அனுபவம். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இளநிலைச் சமூகப்பணிப் பட்டமே தொழிலில் நுழையப் போதுமான தகுதி. இங்கிலாந்தில் 2003 முதல் பட்டப்படிப்பு குறைந்தபட்சத் தகுதி ஆனது; அதன் பிறகு பதிவு செய்யாதவர் அந்தப் பதவிப்பெயரைப் பயன்படுத்துவதையும் சட்டம் தடுத்தது. இலங்கையில் சமூகப்பணிப் பயிற்சி சென்னையைப் போலவே 1952இல் தொடங்கியது. ஆனால் அது நெடுங்காலம் டிப்ளோமா அளவில் நின்று, 2005இல்தான் பி.எஸ்.டபிள்யூ. பட்டத்துக்கு வளர்ந்தது. தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஸ்கூல் உட்படப் பல கல்லூரிகள் பி.எஸ்.டபிள்யூ. நடத்துகின்றன. டிஸ் நிறுவனமும் தன் துல்ஜாப்பூர் வளாகத்தில் ஊரக வளர்ச்சியை மையமாகக் கொண்ட இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. இக்னோ தொலைநிலையிலும் வழங்குகிறது.

எதிர்ப்புக் குரல்கள் இரண்டு வகை. பதினேழு வயதில் தற்கொலை முயற்சி, பாலியல் வன்முறை, குடிநோய் போன்றவற்றை நேரில் எதிர்கொள்ளும் பக்குவம் வருமா என்பது முதல் வகை. இது மிகைப்படுத்தப்பட்ட கவலை என்றே தோன்றுகிறது. செவிலியர் மாணவி அதே வயதில் அவசரப் பிரிவில் நிற்கிறாள். அவள் தனியே விடப்படுவதில்லை என்பதுதான் முக்கியம். பி.எஸ்.டபிள்யூ. மாணவிக்கும் மேற்பார்வை கிடைக்கிறதா என்று கேட்டால் கேள்வி வயதிலிருந்து வகுப்பின் அளவுக்கு நகர்ந்துவிடும்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட பி.எஸ்.டபிள்யூ. முடித்தவர் முதுநிலையில் முதலாண்டுப் பாடங்களைத் தாண்டிச் செல்லப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி ஓராண்டு கழித்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. மூன்றாண்டு சமூகப்பணி படித்தவரும் பி.காம். முடித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ. முதல் பருவத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே அறிமுகப் பாடத்தை, ஒரே தேர்வாக எழுதுகிறார்கள். முன்னவர் ஏற்கெனவே படித்ததற்கு மதிப்பு எங்கே? நான்காண்டு இளநிலை முடித்தவருக்கு ஓராண்டு முதுநிலை என்ற ஏற்பாட்டை மானியக் குழு வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டமே பொதுவழக்காக இருப்பதால் அதன் பயன் இங்கே பெரும்பாலும் வந்து சேரவில்லை. பி.எஸ்.டபிள்யூ.வை நேர்வழி என்று பரிந்துரைப்பவர்கள் இந்த முட்டுச்சந்தை அபூர்வமாகவே குறிப்பிடுகிறார்கள்.

மேலே படிக்க முடியாமல் மூன்றாண்டோடு நிறுத்த வேண்டிய குடும்பச் சூழல் உள்ளவருக்கு நிலைமை வேறு. அவருக்கு பி.எஸ்.டபிள்யூ. வேறெந்தக் கலைப் பட்டத்தைவிடவும் உடனடிப் பயன் தரக்கூடும். எவ்வளவு என்பது வேலை அறிவிப்புகளைப் பார்த்தால் தெரியும்.

பட்டம் வேண்டாம் என்ற மரபு

இந்தியாவில் சமூகப்பணியின் பெரிய பெயர்களை எழுதிப் பார்த்தால் நான்காவது குரலுக்கு ஏன் இத்தனை வலிமை என்று புரியும். அவ்வை இல்லத்தை 1930இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியும் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரமும் மருத்துவர்கள். சேவா அமைப்பை 1972இல் நிறுவிய இலா பட் சட்டம் படித்தவர். அருணா ராய் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர். மறுபக்கம், நர்மதைப் போராட்டத்தின் மேதா பட்கர் டிஸ்ஸில் சமூகப்பணி முதுநிலை படித்தவர். ஆகவே இந்தப் பட்டியல் எந்தத் தரப்புக்கும் முழுச் சாட்சியாகாது.

இதில் தஞ்சாவூர் சகோதரர்கள் இருவரின் வரலாறு தனிக் கவனத்துக்குரியது. ஜே.எம். குமரப்பா 1940களில் பம்பாய்ப் பள்ளியின் இயக்குநராக இருந்து, அமெரிக்க மாதிரியிலான முறையான சமூகப்பணிக் கல்வியை நடத்தினார். தம்பி ஜே.சி. குமரப்பா பட்டயக் கணக்காளர். கொலம்பியாவில் பொருளியல் படித்தவர். காந்தியோடு சேர்ந்து அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, கடைசிக் காலத்தைத் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். ஒரே வீட்டிலிருந்து வந்த இருவரில் ஒருவர் பணியாளரைப் பள்ளியில் உருவாக்கினார். மற்றவர் கணக்குப் பதிவேட்டின் வழியாகக் கிராமத்தைப் புரிந்துகொண்டார்.

இயக்க மரபின் விமர்சனம் வெறும் பட்ட எதிர்ப்பு அல்ல. மேற்கத்திய நகரத்துக்கு எழுதிய முறைகள் சாதியைக் கண்டுகொள்ளவில்லை, சிக்கலைத் தனிமனிதருக்குள் தேடுகின்றன என்ற குற்றச்சாட்டு சமூகப்பணித் துறைகளுக்கு உள்ளேயே பல பத்தாண்டுகளாக ஒலிக்கிறது. தலித், பழங்குடிச் சமூகப்பணி என்ற தனிச் சிந்தனைப்போக்கு டிஸ் போன்ற இடங்களில் அதிலிருந்துதான் பிறந்தது. இருப்பினும் அந்த மரபின் நாயகர்கள் பலருக்குப் பின்புலமாக வேறொரு தொழிலோ குடும்ப வசதியோ இருந்தது. மாதச் சம்பளம் இல்லாமல் களத்தில் நிற்கக்கூடியவரின் அறிவுரையை, கல்விக்கடன் கட்ட வேண்டிய மாணவி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டமும் வேலை அறிவிப்பும் கேட்பது என்ன?

வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருப்பதைப் போன்ற தனி ஒழுங்குமுறைக் குழுமம் இந்தியாவில் சமூகப்பணிக்கு இல்லை. 1990களிலிருந்து மசோதா வரைவுகள் எழுதப்பட்டும் தனிச்சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. எனவே தகுதியை ஒவ்வொரு சட்டமும் திட்டமும் தன் போக்கில் வரையறுக்கிறது. சில உதாரணங்களை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் அமர வேண்டும். அவர்களுக்கான தகுதி: குழந்தைகளின் உடல்நலம், கல்வி அல்லது நலப் பணிகளில் ஏழாண்டு ஈடுபாடு, இல்லையேல் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருத்தல். பதவியின் பெயர் சமூகப்பணியாளர். பட்டங்களின் பட்டியலில் சமூகப்பணி கிடையாது. அதே சட்டத்தின்கீழ் வரும் குழந்தைகள் நலக் குழுவுக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த பட்டியலில் சமூகப்பணி இருக்கிறது. ஒரே சட்டத்துக்குள் இருக்கும் இந்த முரண், எந்தப் பட்டம் என்ற கேள்விக்கு அரசிடமே ஒருமித்த விடை இல்லை என்பதைக் காட்டுகிறது.

‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு வரும் அறிவிப்புகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பாதுகாப்பு அலுவலருக்குச் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம், பொதுச் சுகாதாரம் எனப் பல முதுநிலைகளில் ஏதேனும் ஒன்று வேண்டும். அல்லது பட்டத்தோடு அனுபவம். தொகுப்பூதியம் மாதம் ரூ. 27,804. சமூகப்பணியாளர் பதவிக்குப் பட்டம் போதும். சமூகப்பணி, சமூகவியல், சமூக அறிவியல் இளநிலை பெற்றவருக்கு முன்னுரிமை. ஊதியம் ரூ. 18,536. ஆற்றுப்படுத்துநருக்கும் அதே தொகை. கணக்காளருக்கும் அதே. புறத்தொடர்புப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் ரூ. 10,592 ஊதியமும். எல்லாம் ஒப்பந்தப் பணியிடங்கள். பி.எஸ்.டபிள்யூ.வின் சந்தை மதிப்பை இந்தப் பட்டியலைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. அந்தப் பட்டம் முன்னுரிமை தருகிறது. சமூகவியல் பட்டதாரியைவிட மேலான இடத்தைத் தருவதில்லை.

மருத்துவத் துறையில் நிலைமை நேர்மாறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப்பணியாளர் என்பவர் சமூகப்பணி முதுநிலையும், மேற்பார்வையிட்ட மருத்துவப் பயிற்சியோடு கூடிய ஈராண்டு எம்.ஃபில்.லும் பெற்றவர் என்று வரையறுக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.ஃபில்.லையே நிறுத்தியபோது மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி இரண்டுக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டுவரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. இந்தத் துறைக்குள் நுழைய எம்.எஸ்.டபிள்யூ. கட்டாயம்; இளநிலை எதுவாகவும் இருக்கலாம்.

தொழிற்சாலைகளின் கதை தனி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. சமூகப்பணிப் பள்ளிகளின் மாணவர்கள் பெருமளவில் மனிதவளத் துறைக்குப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 250ஆகக் குறைத்திருக்கிறது. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை வட்டாரங்களில் நல அலுவலர் பணியிடங்கள் இதனால் கூடலாம், எம்.பி.ஏ.காரரோடான போட்டியும் கூடவே இருக்கும்.

வெளிநாடு செல்ல நினைப்பவருக்குப் பட்டத்தின் பெயரைவிடக் களப்பணி மணிக்கணக்கு முக்கியம். அமெரிக்கத் தரநிலை இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரமும் முதுநிலைக்கு 900 மணி நேரமும் கேட்கிறது. நம் கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியலில் களப்பணிக்கு மதிப்பெண் இருக்கும். எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்பது பெரும்பாலும் இருக்காது. மாணவர் தன் களப்பணி நாட்குறிப்பையும் நிறுவனக் கடிதங்களையும் முதலாண்டிலிருந்தே சேர்த்துவைப்பது நல்லது.

இன்னும் தீராதவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், இளநிலைப் பட்டத்தின் பெயர் ஒருவரின் வேலையைத் தீர்மானிக்கும் இடங்கள் இந்தியாவில் குறைவு என்றே சொல்லத் தோன்றுகிறது. எம்.எஸ்.டபிள்யூ.வரை படிக்கும் உறுதி உள்ளவருக்கு, தனக்குப் பிடித்ததும் மாற்று வழியை விட்டுவைப்பதுமான பட்டம் எதுவாயினும் பெரிய இழப்பில்லை. அவர் அந்த மூன்றாண்டில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முறையாகச் செய்திருந்தால், களத்தோடு அறிமுகமாவது முதுநிலைவரை தள்ளிப்போகாது. மூன்றாண்டோடு வேலைக்குப் போக வேண்டியவருக்கு பி.எஸ்.டபிள்யூ. சற்றே முந்தைய வரிசை. ஆலோசனைத் துறையா சமூகப்பணியா என்று முடிவு செய்யாதவருக்கு உளவியல் பாதுகாப்பானது. கல்லூரியைத் தேர்வு செய்யும்போது, ஒரு மேற்பார்வை ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேட்பது பட்டத்தின் பெயரைக் கேட்பதைவிடப் பயனுள்ளதாக இருக்கக்கூடும்.

ஆனால் இந்த மதிப்பீட்டைக் குலைக்கக்கூடிய ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சுகாதாரத் தொழிலாளர் என்ற தகுதிக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரப் படிப்பு, இணைத் தொழிலாளர் தகுதிக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரம் என்று அச்சட்டம் கணக்கு வைக்கிறது. பி.காம். முடித்து ஈராண்டு எம்.எஸ்.டபிள்யூ. படித்தவரின் மணிக்கணக்கை எப்படி எண்ணுவது? பி.எஸ்.டபிள்யூ.வும் எம்.எஸ்.டபிள்யூ.வும் சேர்த்துப் படித்தவரின் ஐந்தாண்டையும் ஒன்றாகக் கூட்டலாமா? எம்.ஃபில். போன பிறகு மனநல சமூகப்பணிக்கு வரும் மாற்றுப் படிப்பு எந்த முதுநிலைகளை ஏற்கும்? இவற்றுக்கான விடைகள் பி.எஸ்.டபிள்யூ.வுக்குச் சாதகமாக அமைந்தால், பம்பாயில் 1936இல் எழுதப்பட்ட சேர்க்கை விதி முதலில் மருத்துவமனைகளில் செல்லாமல் போகும். குழந்தைகள் பாதுகாப்பிலும் ஊரக வளர்ச்சியிலும் அது இன்னும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் என்றே இப்போதைக்குக் கருத இடமிருக்கிறது.